இடது கால்

சூசைமாணிக்கத்தின் காருக்கு அப்போது
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் வயது.
சீட்டின் பாலிதீன் உறையைக் கிழிக்க
அவர் மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.
ஸ்டீயரிங் நடுவில்
வேளாங்கண்ணி எண்ணெய் தொட்டு இட்ட சிலுவை
வெயில் பட்டால் மட்டும் தெரியும்.

கேட்டேன், கொடுத்தார்.
வத்தலக்குண்டு போய்
அக்காவையும் குழந்தையையும் கூட்டிவர.
"பார்த்து" என்றுகூடச் சொல்லவில்லை.
நான் லைசென்ஸ் எடுத்துப் பதினான்கு வருஷம்.
அவர், மூன்று மாதம்.

மே மாதத்துச் சனிக்கிழமை.
வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கீழே
மலை முழுக்க வண்டி.
முன்னால் ஒரு கேரளா வேன்,
பின்னால் முட்டுகிற தூரத்தில் அரசுப் பேருந்து,
நடுவே ஏற்றத்தில் நான்.
ஹேண்ட்பிரேக் ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.
அதை இழுத்து நிறுத்துவதெல்லாம்
கற்றுக்குட்டிகள் வேலை.
பாதிக் கிளட்ச், விரல் நுனியளவு ஆக்ஸிலேட்டர்;
வண்டி அந்தரத்தில் நிற்கும்,
முன்னும் போகாது, பின்னும் வழுக்காது.
"பாருக்கா, பிரேக்கே மிதிக்கல."
நாற்பது நிமிஷம் காட்டினேன்,
குரங்குக்கு மக்காச்சோளம் வீசிக்கொண்டே.

அடுப்பில் ரப்பர்ச் செருப்பு விழுந்த மாதிரி.
"நம்ம கார்தான் மாமா நாறுது" என்றாள் துளசி.
"முன்னாடி வேனு, கண்ணு.
இவங்களுக்கு மலையில ஓட்டத் தெரியாது."
கண்ணாடியை ஏற்றினேன்.
நாற்றம் எங்களோடு
உள்ளே உட்கார்ந்துகொண்டது.

செண்பகனூர்த் திருப்பத்தில்
சத்தம் முதலில் வந்தது,
வண்டி பிறகு வந்தது.
தூக்கத்தில் எழுப்பிய ஆள்
பதில் சொல்வது போல.
எனக்குத் தெரிந்துவிட்டது.
அக்காவிடம் மேகத்தைக் காட்டினேன்.

திருப்பித் தரும்போது கழுவித் தந்தேன்,
டேங்கை நிரப்பி,
பின்சீட்டில் ஒரு கிலோ பிளம்ஸ் வைத்து.
"எதுக்குங்க இதெல்லாம்" என்று கூசிப்போனார்.

பதினோராம் நாள் நாயுடுபுரம் ஏற்றத்தில்
இன்ஜின் கத்தியது, கார் அசையவில்லை.
தள்ள வந்த நாலு பேரில்
நானும் ஒருத்தன்.

மூஞ்சிக்கல் பட்டறையில்
காசிம் கியர்பாக்ஸை இறக்கி
பிளேட்டை வெளியே எடுத்து டார்ச் அடித்தான்.
பக்கத்து இரும்பெல்லாம் மயில்கழுத்து நீலம்.
நகத்தால் சுரண்ட, கரி உதிர்ந்தது.
"புதுசா ஓட்டுறீங்களாண்ணே?
பெடல் மேலயே கால வெச்சிருப்பீங்க.
கம்பெனியில கேட்டாலும் இதுக்குத் தர மாட்டான்."
சூசைமாணிக்கம் குனிந்து
தன் இடது பாதத்தைப் பார்த்தார்,
கடிக்காது என்று நம்பியிருந்த நாயைப் பார்ப்பது போல.
"ஆமாப்பா. எனக்கே அந்தச் சந்தேகம்தான்" என்றார்.

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் இருந்தது.
நாலைந்து சொல், அவ்வளவுதான்.
நான் டீ சொல்லப் போனேன்.

பதிமூன்றாயிரத்து எண்ணூறு ஆயிற்று.
ஐயாயிரம் நான் நீட்டினேன்.
கடனில்லை, சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
அவருக்குக் கண் கலங்கிவிட்டது.
சும்மா வாங்க மாட்டேன் என்றார்.

தபாலாபீஸில் இப்போது
ரிஜிஸ்டர் தபாலுக்கு முத்திரை குத்தும்போதும்
மேஜைக்கடியில் அவர் கால் பழகுகிறது:
முழுசாக மிதித்து,
முழுசாக எடுத்து,
தள்ளி வைத்து.
கீழே விழுந்த ரப்பர் பேண்டை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன்.
அதன்பின் எது விழுந்தாலும் நான் குனிவதில்லை.

முதல் தேதிதோறும்
பழுப்பு உறையில் ஐந்நூறு ரூபாய்.
மேலே என் பெயர், இனிஷியல் பிசகாமல்.
ஏழு உறை வந்தாயிற்று.
எண்ணிப் பாருங்கள் என்பார்.
எண்ணிப் பார்க்கிறேன்.